பியானோவுக்கு ஒன்றுமில்லை

புரூக்ளின்,
1930 பிப்ரவரி 4

அன்புள்ள கோரா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதலில் நலம் விசாரிப்பதா, நேராக விஷயத்துக்கு வருவதா என்று தீர்மானிக்க முடியவில்லை. நலம்தானே? உங்கள் தங்கை ஃபேனியின் முழங்கால் வலி தேவலையா? தொப்பிக் கடை எப்படி நடக்கிறது?

இனி விஷயம். பேசும் படம் வந்ததும் யுடிகா தியேட்டரில் ஊமைப் படங்களுக்கு வாசித்த எங்கள் வாத்தியக் குழுவை வீட்டுக்கு அனுப்பினார்கள் அல்லவா? அதே பேசும் படத்திடம்தான் இப்போது இங்கே சம்பளம் வாங்குகிறேன். பெரிய படத்துக்கு முன்னால் காட்டுகிற பத்து நிமிடச் சிரிப்புப் படங்களுக்கு இசை எழுதிக் கொடுக்கும் வேலை. வயிற்றில் அடித்தவனிடமே போய்ச் சாப்பிடுவது சரியா என்று அடிக்கடி யோசிக்கிறேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அடுத்த படம், பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ஒருவரைப் பற்றியது. ஒரு விதவையின் வீட்டுக்கு வேலைக்கு வருகிறார். அவளை மறுபடி பார்க்க வேண்டும் என்பதற்காக, போகும்போது ஒரே ஒரு கம்பியை லேசாகத் தளர்த்திவிட்டுப் போகிறார். மறுநாள் அவள் ஆள் அனுப்புகிறாள். இவர் வந்து அதைச் சரிசெய்து இன்னொன்றைத் தளர்த்துகிறார். வாரக்கணக்கில் இதுதான் நடக்கிறது. வாய் திறந்து ஒன்றும் கேட்பதில்லை. அவளுக்கு முதல் நாளே எல்லாம் தெரியும் என்பது கடைசியில் நமக்குத் தெரிகிறது. நடுவில் ஒரு பாட்டு. அவ்வளவுதான் கதை.

இயக்குநர் மர்ரி காஸ் சின்ன வயசுக்காரர். நான் சங்கீதக் கல்லூரியில் படித்தவன் என்பதால் என்னைப் பேராசிரியர் என்று கேலியாகக் கூப்பிடுவார்.

"பேராசிரியரே, இதுக்கு நடிகன் எதுக்கு? அந்த முழியோட நீங்களே போய் உக்காந்துடுங்க."

"எனக்கு நடிப்பு வராதே."

"அதான் சொல்றேன். வரவே வேணாம்."

மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டேன். விதவை வேடத்துக்குப் பாடத் தெரிந்த பெண்மணி வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்த ஒரே குரலைச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தவறுதான். மார்ச் பன்னிரண்டாம் தேதி ஒரே நாள் வேலை. வர இயலுமா? இயலாவிட்டால் சங்கடப்பட வேண்டாம்.

பணிவுடன்,
ஆம்ப்ரோஸ் விட்லாக்


யுடிகா,
பிப்ரவரி 9

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

வருகிறேன். இதை எழுத எனக்கு ஒரு காகிதம்கூடக் கிழியவில்லை.

கதையை ஃபேனிக்குச் சொன்னேன். தையல் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: "இதை நடிக்க அந்த மனுஷனுக்கு ஒத்திகை வேற வேணுமா? ஒம்பது வருஷமா வியாழக்கிழமை தவறாம நம்ம கூடத்துல இதைத்தானே பண்ணினாரு? அதுவும் நம்ம கோழியச் சாப்பிட்டுக்கிட்டு!" அவளை அடக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வியாழக்கிழமைகளில் நீங்கள் வாசிக்க நான் பாடியதெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நீங்கள் ஊரைவிட்டுப் போன பிறகு பியானோவின் மூடியைத் திறக்கவில்லை. அதன் மேல் இப்போது தொப்பிப் பெட்டிகள்தான் இருக்கின்றன.

ஒரு சேதி. எதிர்ச்சாரி மருந்துக்கடை ஆக்லி என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். கடையில் இரண்டு பெண்கள் தொப்பி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். "கோரா, என்னைக் கட்டிக்குவீங்களா? யோசிக்கணும்னா யோசிங்க. அதுவரைக்கும் இந்த இருமல் மருந்தை வச்சுக்குங்க" என்றார். அவருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. தொப்பி போட்ட இருவரும் கை தட்டினார்கள்.

நல்ல மனிதர். ஈஸ்டருக்குள் பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். உங்களுக்கு இதை ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால், பழைய நண்பரிடம் யோசனை கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன செய்யட்டும்? யோசித்து எழுதுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள்.

கோரா


புரூக்ளின்,
பிப்ரவரி 20

அன்புள்ள கோரா அவர்களுக்கு,

மிக்க நன்றி. ரயிலடிக்கு நானே வருகிறேன். சில குறிப்புகள் சொல்ல வேண்டும்.

பட்டுப் பாவாடை வேண்டாம். நீங்கள் நடந்தால் மைக்கில் காட்டுத்தீ மாதிரி கேட்கும். மணிமாலையும் வேண்டாம். மைக்கை ஜன்னலோரப் பூச்சாடிக்குள் ஒளித்து வைத்திருப்பார்கள். பூவைப் பார்த்துத்தான் பாட வேண்டும், ஆனால் பூவைப் பார்ப்பதுபோல் தெரியக் கூடாது. எனக்கு இந்தக் கவலை இல்லை. நான் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பியானோவில்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஒலி ஒரு மெழுகுத் தட்டில் பதிவாகும். தட்டு சுற்ற ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. பாதியில் யாராவது தும்மினால்கூட எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் சொல்ல வேண்டிய கடைசி வரி: "நாளைக்கும் வாங்க. மழை பெஞ்சா சுருதி கலைஞ்சிடும்." நான் பதில் சொல்ல மாட்டேன். பியானோவில் ஒரு கட்டையை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, முடிவு இசையை வாசித்து, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

திரு. ஆக்லியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அவரோடு அதிகப் பழக்கமில்லை. மார்புச் சளிக்கு ஒருமுறை அவரிடம் மருந்து வாங்கினேன், குணமாயிற்று. நிதானமானவர் என்று எல்லோரும் சொல்வார்கள். சொந்தக் கட்டடம் இருக்கிறது. அறுபத்தாறு வயதில், வாடகை அறையில் இருக்கும் என் போன்றவனுக்கு இதில் யோசனை சொல்லும் தகுதி உண்டா என்று தெரியவில்லை.

அடுத்து ஒரு வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். தாள் அசிங்கமாகிவிட்டது, மன்னிக்கவும்.

பணிவுடன்,
ஆம்ப்ரோஸ் விட்லாக்


புரூக்ளின்,
மார்ச் 14

அன்புள்ள கோரா அவர்களுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? நான் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் நீங்கள் ரயிலுக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார்கள். உங்கள் கையுறைகள் பியானோவின் மேல் இருந்தன. என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். முதல் முறை எடுத்து முடித்ததும் காஸ், "போதும், பிரமாதம், இதோட முடிச்சுக்குவோம்" என்றார். எனக்குத்தான் பாட்டின் நடுவில் இடது கை தவறிவிட்டதோ என்று உறுத்தல். போட்டுக் கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வழக்கமாக இரண்டு மெழுகில் பதிவு செய்வார்கள். ஒன்றைக் கேட்டுவிட்டு எறிந்துவிடுவார்கள், மற்றதிலிருந்து இசைத்தட்டு தயாராகும். அன்று இரண்டாவது கருவி பழுதாகிக் கிடந்தது. ஒலிப்பதிவு செய்யும் டிக்ஸன் என்னை எச்சரித்தார்: "பச்சை மெழுகுங்க. ஊசி ஒரு தடவை மேல ஓடினா, கேட்டதோட சரி, தட்டு போச்சு." அப்படியும் கேட்டேன்.

கேட்டபோது என் கை தவறவே இல்லை என்று தெரிந்தது. நன்றாக இருந்த ஒன்றைச் சந்தேகப்பட்டு அழித்துவிட்டேன். என்னால் நீங்கள் அந்த விளக்குச் சூட்டில் மறுபடி பாட வேண்டியதாயிற்று. சாப்பிடக்கூட இல்லை. இதற்காகக் கோபம் இருந்தால் அது நியாயமே.

பணிவுடன்,
ஆம்ப்ரோஸ் விட்லாக்


யுடிகா,
மார்ச் 19

ஆம்ப்ரோஸ்,

மறுபடி பாடியதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. மேடையில் ஒரே பாட்டை நாளுக்கு மூன்று தரம் பாடிப் பிழைத்தவள் நான். மெழுகு போனதற்காகவா நான் சாப்பிடாமல் ரயிலேறினேன் என்று நினைக்கிறீர்கள்?

முதல் முறை எடுத்தபோது, எழுதிக் கொடுத்த வரியை நான் சொல்லவில்லை. கவனித்தீர்கள் அல்லவா? ரயிலடியிலிருந்து ஸ்டுடியோ வரை நீங்கள் பூச்சாடியைப் பற்றியே பேசினீர்கள். ஆக்லியைப் பற்றி ஒரு வார்த்தை வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. பிறகு பாட்டு முடிந்தது. உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோட்டில் தோள்பட்டை ஓரம் தையல் விட்டிருந்தது. அதைப் பார்த்ததும் சொல்லிவிட்டேன்:

"பியானோவுக்கு ஒண்ணுமில்லைங்க. கேக்க வந்ததைக் கேளுங்க."

அது படத்துக்காகச் சொன்னது இல்லை. நாலு பேருக்கு முன்னால்தான் எனக்குத் தைரியம் வரும். மேடைக்காரியின் புத்தி அப்படி. வீட்டுக் கூடத்தில் ஒன்பது வருஷமாக அந்தத் தைரியம் வரவில்லை.

நீங்கள் ஒரு கட்டையைத் தட்டினீர்கள். இன்னொரு தரம் தட்டினீர்கள். முடிவு இசையை வாசித்தீர்கள்.

அதுவும் போகட்டும், தட்டு சுற்றும்போது பதில் பேச முடியாது என்று எனக்கும் தெரியும். பிறகு அதைப் போட்டுக் கேட்டோமே, அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பெரிய ஒலிபெருக்கியிலிருந்து என் குரல் வந்தது. விளக்குக்காரன்கூட உங்களைத் திரும்பிப் பார்த்தான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் இடது கையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். முடிந்ததும் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்:

"நல்லவேளை, என் கை சரியாத்தான் இருக்கு. கோரா சொன்ன வரிதான் மாறிப்போச்சு."

அதனால்தான் இரண்டாவது முறை எடுத்தபோது, எழுதிக் கொடுத்த வரியையே சொன்னேன்.

கையுறைகளை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே குளிர் விட்டாயிற்று.

கோரா


புரூக்ளின்,
மார்ச் 27

அன்புள்ள கோரா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பாட்டுக்கு இரண்டு முறை தவறான தாளத்தில் எழுதிக் கொடுத்தேன். இதுவரை அப்படி நடந்ததில்லை.

என் தரப்பைச் சொல்ல அனுமதியுங்கள். மேடையில் நீங்கள் வரிகளை மாற்றிச் சொல்வது எப்போதும் வழக்கம். யுடிகாவில் எத்தனையோ முறை அப்படிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறீர்கள். காஸுக்கும் அது பிடித்திருந்தது. "எழுதினதைவிட இது ஜோரா இருக்கே" என்று என் காதில் சொன்னார். ஆகையால் அது வேடிக்கைக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ளாமல் இருக்க எனக்கு என்ன உரிமை? என்னைப் போன்ற ஒருவனிடம் அதை யார் மெய்யாகச் சொல்வார்கள்?

இப்போது உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். அதன் பொருள் இன்னதுதான் என்று எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. ஆனால் நான் தவறாகப் புரிந்துகொண்டு ஏதாவது எழுதிவிட்டால் இத்தனை ஆண்டு நட்பும் கெட்டுவிடும். தயவுசெய்து, நீங்கள் சொன்னதன் பொருளை இன்னொரு முறை, தெளிவாக எழுத முடியுமா? அதன் பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

பணிவுடன்,
ஆம்ப்ரோஸ் விட்லாக்


யுடிகா,
ஏப்ரல் 21

ஆம்ப்ரோஸ்,

மறுபடி போட்டுக் காட்டச் சொல்கிறீர்கள். டிக்ஸன் உங்களை எச்சரித்தார் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

உங்களிடமிருந்து இன்னொரு கடிதம் வரும் என்று காத்திருந்தேன். தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலைப் பெருக்கினேன். ஃபேனி, "இப்படிப் பெருக்கினா தெருவே தேஞ்சுடும்" என்றாள்.

நேற்று ஈஸ்டர். தேவாலயத்திலிருந்து திரும்பும்போது ஆக்லியிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஜூன் மாதம் கல்யாணம்.

கோரா


புரூக்ளின்,
மே 16

அன்புள்ள கோரா,

வாழ்த்தி எழுத வேண்டும் என்று மூன்று வாரங்களாக உட்கார்ந்து எழுதியும் ஒரு வாழ்த்தும் சரியாக வரவில்லை. இது வாழ்த்துக் கடிதம் இல்லை.

இன்று ஸ்டுடியோவில் நம் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். இரண்டாவது முறை எடுத்தபோது உங்கள் முகத்தை எடுத்த கேமரா நடுவில் நின்றுவிட்டதாம். ஆகவே முதல் முறை எடுத்ததிலிருந்து உங்கள் முகத்தை மட்டும் வெட்டி, என் பியானோ ஒலிக்கும் இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் சுருதி கலையும் என்று தூரத்தில் நின்று சொல்கிறீர்கள். நான் கட்டையைத் தட்டுகிறேன். உடனே உங்கள் முகம் திரை முழுதும் வருகிறது. உதடு அசைகிறது. குரல் இல்லை, என் பியானோதான் கேட்கிறது. நீங்கள் உங்களுக்குள் முணுமுணுப்பதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எடிட்டரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

கோரா, நான் அன்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னதைக் கேட்டேன், சொன்ன முகத்தைப் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். அந்த முகத்தில் வேடிக்கை இல்லை. கண் என் தோள்பட்டையில் இருக்கிறது. சொல்லி முடித்ததும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்கிறீர்கள். நான் கட்டையைத் தட்டத் தட்ட அந்த மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறது. காஸ் என் முதுகைத் தட்டி, "பேராசிரியரே, அம்மா கலக்கிட்டாங்க, ஒரு சத்தம்கூட இல்லாம!" என்றார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கேட்க வந்ததைக் கேட்கிறேன். என்னைத் திருமணம் செய்துகொள்வீர்களா? இதைக் கேட்கும் நேரம் போய்விட்டது என்று தெரியும். ஒரு நல்ல மனிதருக்குத் துரோகம் செய்கிறேன் என்றும் தெரியும். இருந்தும் கேட்கிறேன்.

இதை ஒரே ஒரு முறைதான் எழுதினேன். திருப்பிப் படிக்காமல் உறையில் போடுகிறேன்.

ஆம்ப்ரோஸ்


யுடிகா,
மே 24

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

முடியாது.

முதலில் அதைச் சொல்லிவிட்டால் மற்றதை நிம்மதியாக எழுதலாம் என்று பார்த்தேன். நிம்மதி வரவில்லை. நீங்கள் எழுதியதிலேயே நல்ல கடிதம் இது. அடித்தல் திருத்தல் இல்லை. இரண்டு எழுத்துப் பிழை இருக்கிறது, அவையும் எனக்குப் பிடித்திருக்கின்றன. மார்ச் மாதத்தில், ஏன், ஏப்ரல் முதல் வாரத்தில்கூட இதில் பாதி வந்திருந்தால் ஃபேனியைக் கடையில் விட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்திருப்பேன்.

உங்கள் கடிதத்தைப் பற்றி ஆக்லியிடம் சொன்னேன். மறைப்பது தப்பு. அவர் ஒரு புட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த புட்டியையே மறுபடி துடைத்தார்.

"நீ என்ன எழுதப் போற கோரா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நினைக்க என்ன இருக்கு? நான் கேட்டது கேட்டதுதான். அன்னிக்கு அந்தத் தொப்பிக்காரிங்க முன்னாடி கேக்கறப்ப எனக்கு முட்டி ரெண்டும் ஆடிச்சு, தெரியுமா? நீ இல்லைன்னு சொன்னாலும் அந்த மருந்து உனக்குத்தான்."

முட்டி ஆடியும் கேட்ட மனிதருக்குக் கொடுத்த வார்த்தை அது. திருப்பி வாங்க எனக்கு மனசு வரவில்லை. உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

தோள்பட்டைத் தையலை யாரிடமாவது கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கோரா


யுடிகா,
அக்டோபர் 5

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

நம் படம் ஒருவழியாக ஊருக்கு வந்தது. ஆக்லி, ஃபேனி, நான் மூவரும் போயிருந்தோம். தெருவே வந்திருந்தது. பாட்டுக்குக் கை தட்டினார்கள். சொல்ல வேண்டியது அதுவல்ல.

நீங்கள் கட்டையைத் தட்டும் இடத்தில், படத்தோடு சேர்ந்து சுற்றும் இசைத்தட்டில் ஊசி மாட்டிக்கொண்டது. டிங், டிங், டிங். படம் பாட்டுக்கு ஓடுகிறது. என் முகம் பெரிதாக வருகிறது, உதடு அசைகிறது, அதற்கும் டிங், டிங். பிறகு நீங்கள் பையை மூடுகிறீர்கள், தொப்பியை எடுக்கிறீர்கள், கதவைச் சாத்திக்கொண்டு போயே போய்விட்டீர்கள். ஆளில்லாத பியானோ டிங், டிங் என்று தட்டிக்கொண்டே இருக்கிறது. பின்வரிசையில் யாரோ கத்தினான்:

"யோவ், அதைத் தட்டினது போதும்! கேட்டுத் தொலையேன்யா!"

தியேட்டரே உருண்டு புரண்டு சிரித்தது. ஃபேனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆக்லி மட்டும் சிரிக்கவில்லை. இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில், "அந்த இடத்துல நீ ஏதோ சொன்னியே, என்ன அது?" என்று கேட்டார்.

"பியானோவுக்கு ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். மீதியை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கோரா


புரூக்ளின்,
அக்டோபர் 11

அன்புள்ள திருமதி ஆக்லி அவர்களுக்கு,

நடந்ததற்கு வருந்துகிறேன். இந்தத் தட்டுகள் சில காட்சிகளுக்கு மேல் தாங்காது. தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். யுடிகாவில் மாற்றாமல் போட்டிருக்கிறார்கள். புதிய தட்டு ஒன்றை அந்தத் தியேட்டருக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். அதில் ஊசி மாட்டாது. நான் இரண்டு முறை மட்டுமே தட்டுவேன். பிறகு முடிவு இசை, அத்துடன் படம் முடியும். நீங்கள் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை.

குளிர் தொடங்கிவிட்டதால் கையுறைகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். திரு. ஆக்லிக்கும் ஃபேனிக்கும் என் வணக்கங்கள். கோட்டைத் தைத்துக்கொண்டேன்.

தேய்ந்த தட்டை உடைத்துப் போடுவதுதான் வழக்கம். யுடிகாவிலிருந்து அதை மட்டும் என் முகவரிக்குத் திருப்பி அனுப்பும்படி எழுதியிருக்கிறேன். அவ்வளவு பெரிய தட்டைப் போடும் கருவி என் அறையில் இல்லை.

பணிவுடன்,
ஆம்ப்ரோஸ் விட்லாக்